அவள் தேர்ந்தெடுத்த குரல்

எதைக் கையில் கொடுத்தாலும், "இருங்க, பாக்கறேன்" என்பாள். பார்த்து முடித்த பிறகுதான் வாங்கிக்கொள்வாள். பிறவியிலேயே பார்வையில்லாத பெண் அந்தச் சொல்லைச் சொல்லும்போது புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு கணம் திகைப்பார்கள். அவளுக்கு அதில் திகைக்க எதுவும் இருந்ததில்லை. விரலால் தடவிப் பார்ப்பாள், காதோரம் வைத்து அசைத்துப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள். ஒரு சுடிதார் எடுக்க அவளோடு கடைக்குப் போனால் அரை நாள் போய்விடும். "நல்லாத்தான் இருக்கு, எடு" என்று நான் அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான் வரும்.

"அது நீங்க பாத்ததுங்க்கா. நான் இன்னும் பாக்கலயே."

சேலத்தில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் எம்.ஏ. வரலாறு படித்தோம். நான் திருச்செங்கோட்டுக்காரி. பட்டப்படிப்பு முடித்து மூன்று வருடம் தனியார் பள்ளியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்க வந்தவள் என்பதால் வகுப்பில் எல்லாருக்கும் நான் அக்கா. அவள் ஆட்டையாம்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்துபோவாள். வீட்டில் நான்கு விசைத்தறி. அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டினார்கள். ஒரே அண்ணன் ரிக் வண்டியில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் வடக்கே போனால் ஊர் திரும்ப எட்டு மாதம், பத்து மாதம் ஆகும்.

முதல் வாரத்திலேயே துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "உன் வாசிப்பு சுத்தமா இருக்கு. அந்தப் பொண்ணுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டறியாம்மா?" என்று கேட்டார். சம்மதித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தின் பின்பக்க மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பாள்.

அவளுக்கு வாசிப்பது அவ்வளவு எளிதல்ல என்று போகப்போகத் தெரிந்தது. நடுவில் நிறுத்துவாள். "அக்கா, அங்க கமா இருக்குதா, இல்ல நீங்களா மூச்சு விட்டீங்களா?" இருக்கிறது என்றால் தலையாட்டுவாள். இல்லை என்றால், "மறுபடி படிங்க" என்பாள். அடைப்புக்குறிக்குள் வருவதை அடைப்புக்குறி என்று சொல்லித்தான் வாசிக்க வேண்டும். அடிக்குறிப்பை விடக்கூடாது. படம் இருந்தால் என்ன படம் என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் எனக்குப் பசி. காலையிலும் சாப்பிட்டிருக்கவில்லை. நிலவரியைப் பற்றிய நீண்ட அத்தியாயம். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டி அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். குரலில் எந்த மாற்றமும் காட்டவில்லை. முடித்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"முன்னாடி மூணு காரணம்னு வந்துச்சுங்க்கா. ரெண்டுதான் படிச்சீங்க."

எனக்கு முகம் சுட்டது. பசி என்று ஒப்புக்கொண்டேன்.

"பசிச்சா சொல்லுங்க, சாப்புட்டு வந்து படிக்கலாம். உட்டுட்டு மட்டும் போகாதீங்க. நீங்க எதை உட்டீங்கன்னு எனக்குத் தெரியாதில்லங்க்கா."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதற்குப் பிறகு நான் எதையும் விட்டதில்லை. உண்மையில் அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பேராசிரியர்கள் என்னைப் பாராட்டினார்கள். "அவளுக்கு நான்தாம்மா கண்ணு" என்று வீட்டில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் காதில் அது விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் பருவத் தேர்வு வந்தது. அவள் சொல்லச்சொல்ல எழுத இளங்கலை முதலாண்டு மாணவி ஒருத்தியைக் கல்லூரி ஏற்பாடு செய்தது. எழுதுகிறவர் கீழ் வகுப்பில் படிக்கிறவராக இருக்க வேண்டும், அந்தப் பாடத்தைப் படிக்காதவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. நான் எழுத முடியாது. முடிவுகள் வந்தபோது நான்கு தாள்களில் தேறியிருந்தாள். தமிழ்நாட்டு வரலாற்றில் தோற்றிருந்தாள். எங்கள் வகுப்பில் அந்தப் பாடத்தை அவளைப்போல் படித்தவர் யாருமில்லை.

விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு வாரத்தில் வந்தது. நூலகத்தின் பின்மேஜையில் உட்கார்ந்து உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

"படிங்க்கா. மொதல் வரியிலிருந்து."

முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உருண்டை உருண்டையான கையெழுத்து. ஒரு பக்கம் வரவேண்டிய விடைக்கு ஐந்து வரி. ஊர்ப் பெயர்கள் தப்பு. ஒரு விடை பாதி வாக்கியத்தில் நின்று, அதன் கீழேயே அடுத்த கேள்வியின் எண் போட்டிருந்தது. எழுதிய பெண்ணுக்குக் கை வலித்திருக்கலாம், இவள் சொன்ன வேகத்துக்கு எழுத முடியாமல் போயிருக்கலாம். இவள் முழுசாகத்தான் சொல்லியிருப்பாள். தேர்வுக்கு முந்தின நாள் அத்தனை விடைகளையும் என்னிடம் ஒப்பித்திருந்தாள்.

அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். நான் வாசிக்க ஆரம்பித்தேன். தாளில் இருந்ததை வாசிக்கவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாளோ அதை வாசித்தேன். அவளுக்குப் பாடம் வாசித்ததே நான்தான், அவள் வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பக்கம் திருப்புகிற சத்தத்தையும் இடையிடையே உண்டாக்கி, நான்கு விடைகளை முழுசாக வாசித்துக் காட்டினேன்.

"நான் சொன்னது அப்படியேதான் இருக்குது" என்றாள்.

"ஆமா."

"அப்பறம் ஏனுங்க்கா மார்க் வரல?"

"திருத்தினவங்களைச் சொல்லணும். மறுமதிப்பீடு போடு."

அவள் கையை நீட்டினாள். பிறகு தாள்களை வாங்கி, ஓரம் சேர்த்துத் தட்டி, உறையில் போட்டாள். "இவ்வளவும் எழுதி ஃபெயில்னா எனக்கு எழுதத் தெரியலைன்னுதான அர்த்தம். போட்டு என்ன ஆகப்போவுது" என்றாள்.

எழுதியவர்மேல் புகார் இருந்தால் நகல் கிடைத்த ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அந்த உறைக்குள் இருந்த கடிதத்திலேயே போட்டிருந்தது. அதையும் நான் வாசிக்கவில்லை. வாசித்தால், புகார் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பாள். வாரம் கடந்தது. அவள் வகுப்புக்கு வருவது நின்றது. போன் செய்தபோது தறிச்சத்தத்துக்கு நடுவே, "நான் நின்னுக்கலாம்னு இருக்கேனுங்க்கா. இங்க நூல் சுத்தறதுக்காவது ஆவும்" என்றாள். நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவள் மனம் உடைந்துவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால் வேறொன்று தெரிகிறது. அந்த முகம் உடைவதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவள் நான். நான் காப்பாற்றியது என்னைத்தான்.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் பழையபடி இருந்தது.

"அண்ணன் லீவுல வந்திருக்காருங்க்கா. லேப்டாப் வாங்கலாம்னு. நாளைக்கு சூரமங்கலம் வர்றீங்களா?"

அண்ணனை அன்றுதான் முதலில் பார்த்தேன். வெயிலில் கறுத்த மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச்சட்டை. நகக்கண்களில் மட்டும் பாறைத்தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஜங்ஷன் பக்கத்துக் கடைகளில் எது பெரிதோ அதற்குள் எங்களை அழைத்துப்போனார். "ஏனுங்க, இஞ்சினீரு படிக்கிற புள்ளைங்க வெச்சிருக்கிற மாதிரி, நல்ல பெரிய ஸ்கிரீனா, பளபளன்னு ஒண்ணு காட்டுங்க" என்றார்.

"அண்ணா, ஸ்கிரீன் எனக்கெதுக்குங்ணா?" என்றாள் அவள்.

விற்பனையாளர் அவளைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு என்ன யூஸ்க்கு வேணும்?" அவளிடமே கேளுங்கள் என்றேன். அவள் சொன்ன பதிலுக்கும் அவர் என்னிடமே மறுமொழி சொன்னார். கடைசி வரை அப்படித்தான். நிறம், பருமன், தொடுதிரை என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, அவள் கையை நீட்டினாள்.

"கீபோர்டக் குடுங்க. பாக்கறேன்."

விரல்கள் எழுத்துகளின்மேல் ஓடின. இரண்டு விசைகளில் இருக்கும் சிறு மேடுகளைத் தேடிக் கண்டுபிடித்தாள். வலப்பக்கத்தில் எண்களுக்குத் தனியாக விசைகள் உண்டா என்று தடவினாள். ஹெட்போன் துளையைத் தேடினாள். மடியில் வைத்துப் பார்த்தாள். ஸ்பீக்கர் அடியில் இருப்பதைக் கண்டு, துணிமேல் வைத்தால் சத்தம் அமுங்கிவிடும் என்று வேண்டாம் என்றாள். கடைசியில் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது. இலவசமாகக் கிடைப்பது. கம்ப்யூட்டரில் ஏற்றாமலே அதிலிருந்தபடி ஓடும். பார்வையற்ற மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் விசாரித்து, யாரிடமோ பதிந்து வாங்கிவந்திருந்தாள்.

"இதைப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள்.

வெளி பென் டிரைவைப் போட விடமாட்டோம், வைரஸ் வரும் என்றார்கள். வாங்கிக்கொண்டு போய் வீட்டில் போட்டுப் பாருங்கள் என்றார்கள். அவள் நன்றி சொல்லி எழுந்தாள். இரண்டாவது கடையிலும் அதே பதில். அண்ணனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "எல்லாம் ஒரே மாதிரிதானே அம்மிணி" என்றார். மூன்றாவது கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "ஷோவுக்கு வெச்சதுதான். போட்டுப் பாருங்க" என்றாள்.

இவள் துளையை விரலால் கண்டுபிடித்துத் தானே செருகினாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. ஏற்ற இறக்கமில்லாத, யாருடையதும் அல்லாத குரல். ஏதோ விசைகளை அழுத்தினாள். குரலின் வேகம் ஏறிக்கொண்டே போய், எங்கள் காதுக்கு வெறும் கரகரப்பாக ஆகிவிட்டது. அவள் அதே சாய்ந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது அது?" என்றார் அண்ணன்.

"எல்லாத்தையும் சொல்லுதுங்ணா."

ஒரு விசையை அழுத்துவதற்கும் குரல் வருவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அவளுடைய சோதனை. நான்கு மெஷின்களில் பார்த்தாள். தட்டையான அழகான ஒன்றை ஒதுக்கிவிட்டு, விற்காமல் கிடந்த தடித்த கறுப்பு மாடல் ஒன்றை, "இது" என்றாள்.

அண்ணனின் முகம் வாடிவிட்டது. "இதா? பழசாட்டம் இருக்குதே. ஊட்டுக்கு வர்றவங்க பாத்தா என்ன சொல்லுவாங்க? வருசமெல்லாம் வடக்க கெடந்து இதத்தான் வாங்கிக் குடுத்தானாம்பாங்க."

அவள் அவர் கையைப் பிடித்துத் தட்டையான மெஷினின் விசைகள்மேல் வைத்தாள். "கண்ண மூடுங்ணா. அழுத்திப் பாருங்க." கடை நடுவில், நாலு பேர் பார்க்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு காய்த்த விரலால் அழுத்தினார். பிறகு கறுப்பு மாடலின்மேல் கையை நகர்த்தினாள்.

"மொதல்ல பாத்தது பலகையாட்டம் கெடக்குது" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "இது எறங்கி ஏறுது."

"அவ்வளவுதானுங்ணா எனக்கு வேணும்."

பில் போடும்போது கடைக்காரர், விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களையெல்லாம் சும்மாவே ஏற்றித் தருவதாகச் சொன்னார். பேசும் மென்பொருளில்கூட வெளிநாட்டுச் சரக்கு ஒன்று இருக்கிறது, உடைத்த காப்பி தன்னிடம் உண்டு என்றார்.

"வேண்டாங்க. பரீட்சைக்கு நடுவுல அது நின்னு போச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? என்னால சரி பண்ணிக்க முடியறது போதும்" என்றாள். எழுதுவதற்கும் இலவசமாகக் கிடைப்பதையே கேட்டு வாங்கினாள். தமிழ்த் தட்டச்சு முறையை மட்டும் தானே மாற்றி வைத்துவிட்டு மூடினாள்.

அண்ணன் பெட்டியைக் கட்டி வாங்கி வரப் போனார். நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். டவுன் பஸ் ஒன்று வந்து போனது. அந்தச் சத்தம் அடங்கக் காத்திருந்து சொன்னாள்.

"அண்ணன் என் பேப்பரப் படிச்சாருங்க்கா."

பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு அவரே எடுத்தாரு. ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டிப் படிச்சாரு. அர்த்தமெல்லாம் அவருக்குத் தெரியாது. அம்மிணி, இங்க பாதியில நிக்குது, கீழ வேற நம்பர் போட்டிருக்குதுன்னாரு. மூணு தடவ படிக்கச் சொன்னேன். உள்ள இருந்த லெட்டரையும் படிச்சாரு."

வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. நிழலுக்குப் போகலாம் என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"ஏனுங்க்கா அப்படிப் பண்ணீங்க?"

"நீ வருத்தப்படுவேன்னு…"

"இத்தன நாளா எனக்கு எழுதவே தெரியலன்னு வருத்தப்பட்டேனே. அது?"

அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் அதையும் அவள்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அடக்கிக்கொண்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பொட்டிக்கு எம்மேல எரக்கம் கெடையாதுங்க்கா. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லிரும். அதுக்குத்தான் வாங்கினேன்."

அண்ணன் அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மூவரும் ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தோம். அவள் என்னிடம், "மதியமே ஊட்டுக்குப் போயிருவீங்களா?" என்று வழக்கம்போல் விசாரித்தாள்.

மெஷின் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. துறையில் கொடுத்த குறிப்புகளில் பாதி பழைய எழுத்துருவில் அடித்தவை. நமக்குத் திரையில் தமிழாகத் தெரியும். அவள் மெஷினுக்கு அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், அப்படியே வாசிக்கும். மீதிப் பாதி புத்தகங்களைப் படம் பிடித்த பக்கங்கள். "பக்கம் காலி" என்று சொல்லிவிட்டு மெஷின் நின்றுவிடும். அந்த வாரம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எப்படியும் என்னிடம்தான் வரவேண்டும் என்று நினைத்தேன்.

அவள் வரவில்லை. துறை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவரிடம் போய் உட்கார்ந்து, பழைய எழுத்துருவை மாற்றும் வழியைத் தேடிப்பிடித்து அவருக்குச் சொல்லி, ஒவ்வொரு கோப்பாக மாற்றி வாங்கினாள். படப் பக்கங்களை எழுத்தாக்கும் மென்பொருளில் போட்டாள். அது தமிழைக் கண்டபடி கடித்துத் துப்பும். எந்த எழுத்தை எந்த எழுத்தாகத் தப்பாக வாசிக்கிறது என்று இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டாள். ஒருநாள் அதே பின்மேஜையில், காதில் கம்பியோடு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு பக்கத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"நான் வாசிக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாங்க்கா. டீ குடிக்கப் போலாம், வாங்க" என்று எழுந்தாள்.

இரண்டாம் பருவத் தேர்வை ஆள் வைத்து எழுதமாட்டேன், கம்ப்யூட்டரில் தானே அடிக்கிறேன் என்று மனுக் கொடுத்தாள். தேர்வு அலுவலகத்தில் எடுத்தவுடன் மறுத்தார்கள். லேப்டாப்புக்குள் புத்தகமே இருக்கும் என்றார்கள். "முந்தின நாளே உங்ககிட்டக் குடுத்துடறேன், எல்லாத்தையும் அழிச்சுட்டுக் குடுங்க" என்றாள். நான்கு முறை போனாள். கடைசியில் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எழுதலாம் என்று அனுமதி வந்தது. தேர்வுக்கு முன் மூன்று நாள் ஆய்வகத்துக்குப் போய், அந்த ஒரு மெஷினில் மென்பொருளை ஏற்றி, விசைகளைத் தடவி, ஒரு விடையை அடித்து, சேமித்து, திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

தேர்வன்று காலை அந்த மெஷினில் கோளாறு. வேறொன்றில் உட்காரச் சொன்னார்கள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றாராம் ஆய்வக உதவியாளர். அதில் குரல் இல்லை. பென் டிரைவை உள்ளே விட அனுமதி கேட்டு மேலே ஆள் போய்த் திரும்பி வர நாற்பது நிமிடம். அதுவரை பேசாத ஒரு பெட்டியின் முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததாக அன்று அறைக்கண்காணிப்புக்கு இருந்த பேராசிரியை பிறகு என்னிடம் சொன்னார். "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலம்மா. ஆனா நான் போய்ட்டு வர்றேன்னு எழுந்திருக்கவும் இல்ல." இழந்த நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் மட்டும் கேட்டாள். கொடுத்தார்கள். தோற்ற தாளையும் சேர்த்து எழுதினாள்.

எல்லாவற்றிலும் தேறினாள். தமிழ்நாட்டு வரலாற்றில் பெரிய மதிப்பெண் இல்லை. அறுபதைத் தொட்டிருந்தது. நான் அவளுக்காக வருத்தப்படத் தயாரானேன். அவள் அந்த எண்ணை மெஷினில் இரண்டு முறை கேட்டாள்.

"மூணாவது கேள்விய நான் சரியாப் படிக்கல. அதான்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியை முதல் மதிப்பெண் வாங்கியவர்களிடமும் நான் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்து பி.எட். முடித்து, ஆத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகச் சேர்ந்தாள். எனக்குக் கல்யாணமாகி நாமக்கல் வந்துவிட்டேன். எங்கள் பழக்கம் விட்டுப்போகவில்லை. என் மகள் பிறந்தபோது பஸ் மாறி மாறி வந்து, குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இருங்க, பாக்கறேன்" என்று பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். என் சமையலைக் குறை சொல்வாள். எனக்குக் காய்ச்சல் என்றால் தினமும் கூப்பிடுவாள். ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டியதில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"இன்னும் எம்மேல கோபமா கண்ணு?"

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "கோபமெல்லாம் அன்னைக்கே போயிருச்சுங்க்கா. நம்பறதுதான் வரமாட்டேங்குது. நானும் பாத்துட்டேன். வரும்போது வரட்டும்."

போன ஆனி மாதம், ஒரு மதியம். நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். வாட்ஸ்ஆப்பில் அவளிடமிருந்து வீடியோ அழைப்பு. அவள் அப்படிக் கூப்பிடுகிறவளே இல்லை. அவள் அப்பாவைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது எனக்குத் தெரியும். திரையில் ஆஸ்பத்திரிச் சுவரும் மின்விசிறியும் தெரிந்தன.

"அக்கா, ஒண்ணு படிக்கணும்" என்றாள். "அப்பாவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. உள்ளூர் டாக்டர்கிட்டக் குடுக்கச் சொல்லி ஒரு லெட்டர் குடுத்தாங்க. கையெழுத்து. மெஷினுக்கு வரல. இங்க யாரக் கேட்டாலும், ஒண்ணுமில்லம்மா, தைரியமா இருங்கங்கறாங்க. அண்ணன் வடக்க இருக்காரு."

பக்கத்தில் அவள் அம்மாவின் குரல் கேட்டது. "நல்லாயிருச்சுன்னுதானே அனுப்பறாங்க. அதுக்கென்ன லெட்டரு."

"கேமராவ லெட்டருக்கு மேல பிடி" என்றேன். "கொஞ்சம் மேல. இடது பக்கம். போதும், அசையாதே."

ஆங்கிலத்தில், அவசரமாக எழுதிய ஒன்பது வரி. முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்தபடியே ஒருமுறை, உடனே தமிழில் ஒருமுறை. கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை. வலிக்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நாட்கள் குறைவு என்பதைக் குடும்பத்துக்குப் பக்குவமாகத் தெரிவிக்கவும். அந்தப் பக்குவமாக என்ற சொல்லையும் விடாமல் வாசித்தேன். ஆறாவது வரியில் ஒரு வார்த்தை எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லி, தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அது மருந்தின் பெயர் என்றாள்.

"முடிஞ்சுதுங்களா?"

"கீழ கையெழுத்து இருக்கு. தேதி இருக்கு. வேற எதுவும் இல்ல."

திரையில் காகிதம் அசையவில்லை. என்னென்னவோ சொல்லத் தோன்றியது. ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

"என்ன போட்டிருக்குதாம் சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"இரும்மா, ஒரு நிமிசம். சொல்றேன்" என்றாள் அவள். பிறகு என்னிடம், அதே மெதுவான குரலில் சொன்னாள்.

"வெக்கறேனுங்க்கா. அண்ணனுக்கு இப்பவே சொன்னாத்தான் வண்டிய உட்டுட்டு வந்து சேர முடியும்."